கண்ணு!

என் மச்சானுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை அறுந்து போனதற்குக் காரணம் சொத்து இல்லை, கைகலப்பு இல்லை, மூன்றாம் மனிதர் யாரும் வந்து வைத்த வத்தியும் இல்லை. நான் சொன்ன ஒரு ஜோக். அதுவும் நல்ல ஜோக். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஆனால் அவளுக்கு முன்பே எனக்கு அவனைத் தெரியும். ஒரே பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஒரே முதலாளியிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். பிறகு தன் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்தான். "உருப்படியா ஒருத்தனும் அமையலை, அதான் இவனுக்குக் குடுத்தேன்" என்பான். "இவனுக்கு ஒரு நல்ல மாப்பிள்ளையாவது வாய்க்கட்டுமேன்னுதான் கட்டிக்கிட்டேன்" என்பேன் நான். எங்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான். இரண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம் என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

பிறகு இருவரும் சேர்ந்து சொந்தமாகப் பட்டறை போட்டோம். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று வந்த வேலையெல்லாம் செய்தோம். அவன் அளந்து வெட்டுவான், நான் வெல்டிங் வைப்பேன். "வெட்டுறது நான், பத்த வைக்கிறது இவன். எங்க ரெண்டு பேரையும் போலீஸ் ஏன் இன்னும் புடிக்கலைன்னு தெரியலை" என்று புதிதாக வருகிற வாடிக்கையாளர்களிடம் மச்சான் சொல்வான். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் முன்பணம் வாங்கிவிடுவான்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் மணலை அள்ளிப் போட்டதுபோல் கண் உறுத்தும், தூக்கம் போய்விடும். அதனால் ராடை, அதாவது உருகி ஒட்டுகிற கம்பியை, இரும்பில் வைப்பதற்கு முன் "கண்ணு!" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பழைய முதலாளி அடித்து அடித்துப் பழக்கிய பழக்கம், எங்களோடு ஒட்டிக்கொண்டது.

கல்யாணமான புதிதில் என் மனைவி சாப்பாடு எடுத்துக்கொண்டு முதல் தடவையாகப் பட்டறைக்கு வந்தாள். நான் முகத்தை மூடும் ஷீல்டைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தேன். அவள் வந்ததைப் பார்க்கவில்லை. ராடை எடுத்து "கண்ணு!" என்று கத்தினேன். புதுப்பெண் அல்லவா, அத்தனை பேர் எதிரில் புருஷன் இப்படிக் கூப்பிடுகிறானே என்று கூசிப்போய், "என்னங்க?" என்றாள். மச்சான் கட்டிங் மிஷினை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அன்றிலிருந்து நான் "கண்ணு!" என்று கத்தும்போதெல்லாம் மூலையிலிருந்து பெண் குரலில் "என்னங்க?" என்பான். வருஷக்கணக்காக இதே ஜோக்தான். எங்களுக்குச் சலிக்கவே இல்லை.

பிறகு கல் உடைக்கும் ஆலைக்காரர்களின் வேலை வந்தது. பாறையை நொறுக்குகிற மிஷினில் பெரிய பெரிய இரும்புப் பற்கள் இருக்கும். தேய்ந்துபோன பல்லின் மேல் கெட்டியான ஒரு வகை ராடை உருக்கி மெழுக வேண்டும். மாங்கனீஸ் கலந்த ராடு. டப்பாவிலேயே போட்டிருக்கும். "மாங்கனீஸ் ராடு, லேசுல தேயாது" என்று வாடிக்கையாளரிடம் பெருமையடித்தவன் நான்தான். ஜன்னல் கம்பிக்கு வருகிற புகை ஒரு புகையே இல்லை. இதில் வருவதுதான் புகை. காவி நிறத்தில் திரண்டு எழும்பி ஷீல்டுக்கு அடியில் நுழைந்து மூக்குக்கு நேராக நிற்கும்.

எதிர்ப்பக்கம் ஒரு தையல் கடை. வெளிச்சம் பளீர் பளீரென்று அடிக்கிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று தையல்காரர் சண்டைக்கு வந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளே வேலை செய்தோம். மச்சான் வாசலோரம் உட்கார்ந்து வெட்டுவான், நான் உள்ளே கடைசியில். அப்புறம் புகை எங்கே போகும்? என் வழியாகத்தான் போயிற்று. கண்ணைக் காப்பாற்றச் சத்தம் கொடுக்கத் தெரிந்த எங்களுக்கு மூக்கைப் பற்றி ஒரு நாளும் தோன்றவில்லை. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும், நாக்கில் இரும்பைச் சப்பினதுபோல் ஒரு ருசி இருக்கும். தொழில் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் என் மகள் பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ வேடிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, "ஏம்ப்பா முறைக்கிறீங்க?" என்றாள்.

"நான் எங்கடி முறைச்சேன்? சொல்லு, நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்குன்னா சிரிக்கணும்ப்பா" என்று எழுந்து போய்விட்டாள்.

அதன் பிறகு ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். போட்டோ எடுக்கிறவன் "சார், கொஞ்சம் சிரிங்க" என்றான்; சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். டீக்கடையில் பெஞ்சில் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். "பட்டறை நல்லா ஓடுதில்ல, தலைக்கனம்" என்று ஒருத்தர் சொன்னது காதில் விழுந்தது. என் பெண்டாட்டி எனக்கு உம்மணாமூஞ்சி என்றே பெயர் வைத்துவிட்டாள். குரலும் தேய்ந்து வந்தது. சத்தமாகத்தான் பேசுகிறேன் என்று நினைப்பேன்; எதிரில் இருப்பவர் காதைக் கிட்டக் கொண்டுவருவார்.

நடையும் மாறிற்று. குதிகால் தரையில் படாமல், முழங்கை மடங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேனாம். மச்சானுக்கு வேறென்ன வேண்டும்? "வந்துட்டாரு சேவல்! கொக்கரக்கோ!" என்று தினமும் வரவேற்பு. கேட் செய்து முடித்ததும் இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு வெளியே வருவோம். பின்பக்கமாக நடப்பது எப்போதும் நான்தான். மச்சானின் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து அவன் பிடியைத் தளர்த்துவது என் வழக்கம். ஒரு நாள் அப்படி நடந்தபோது காலைப் பின்னால் எடுத்து வைக்க வரவில்லை. மரம் சாய்வதுபோல் மல்லாக்க விழுந்தேன், கேட் என் மேல். "சேவல் சரிஞ்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே தூக்கிவிட்டான். நானும் சிரித்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மச்சானின் மூத்த மகளுக்கு நல்ல வேலை கிடைத்தது. ஓடி வந்து முதலில் என்னிடம்தான் சொன்னான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் தூக்கி வளர்த்த பெண். "ரொம்ப நல்லது" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான், பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அதைக் கண்டுகொள்ளாமல் ராடை எடுத்தேன்.

இப்போது ஜோக்குக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலையில் மச்சான் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தான். மை மாதிரிக் கறுப்பு. காது மடலிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பட்டறையில் கேட்டுக்கு அளவு சொல்ல வந்த ஒரு தம்பதி நின்றுகொண்டிருந்தார்கள். இப்படி ஒரு சந்தர்ப்பம் தானாக வந்து மடியில் விழுந்தால் விடுவேனா?

"சாயம் அடிச்சு நீ இன்னிக்குத்தான் தலைமுழுகினே. நான் உன்னை என்னிக்கோ தலைமுழுகிட்டேன். யாருய்யா நீ? கிளம்பு" என்றேன்.

எனக்குள் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நிஜமாத்தான் சொல்றியா?" என்றான்.

அட, இவன் எவ்வளவு அழகாக நடிக்கிறான் என்று நினைத்து நானும் விடவில்லை. "பின்னே? விளையாடறேனா?" என்றேன்.

பட்டறைச் சாவியை எடுத்து டிரில்லிங் மேஜை மேல் வைத்தான். வைத்துவிட்டுப் போய்விட்டான். டீ குடிக்கப் போகிறான், வந்ததும் அடுத்த ரவுண்டு ஆரம்பிப்பான் என்று அதற்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் வரைக்கும் வரவில்லை.

வீட்டுக்குப் போனால் என் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். போனில் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

"எங்கண்ணன் உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுச்சு? ஊரான் முன்னாடி வெளியே போன்னு சொல்ற அளவுக்கு?"

"அடிப்பாவி, அது ஜோக்கு."

"ஜோக்கா?" என்றாள். என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "ஜோக் சொல்ற மூஞ்சியா இது? போய்க் கண்ணாடியைப் பாருங்க. அது புள்ளைக்கு வேலை கிடைச்சதுன்னு சொன்னப்பக்கூட மூஞ்சியை இப்படித்தான் வச்சிருந்தீங்களாம். பொறாமையான்னு கேட்டு அழுவுது எங்கண்ணன்."

பொறாமையா? எனக்கா? கோபம் தலைக்கேறியது. சத்தம் போட்டேன், அது முனகலாக வெளியே வந்தது. அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் நேராகப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். சவரம் செய்யும்போது தினமும் பார்க்கிற கண்ணாடிதான். ஆனால் சவரம் செய்கிறவன் தாடையைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பானா? மச்சானின் காது மடலில் ஒட்டியிருந்த சாயத்தை நினைத்துக்கொண்டேன். உள்ளே சிரிப்பு வந்தது, வயிறு வரைக்கும் வந்தது. கண்ணாடியில் இருந்தவன் சிரிக்கவில்லை. உதடு அசையவில்லை, கன்னம் அசையவில்லை, கண் இமைக்கக்கூட நேரம் எடுத்துக்கொண்டது. யாரோ ஒரு முரட்டு ஆள் என்னை முறைத்துக்கொண்டிருந்தான். விரலால் உதட்டின் இரண்டு ஓரத்தையும் மேலே தூக்கிப் பார்த்தேன். விட்டதும் இறங்கிவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயமும் கண்ணாடியில் தெரியவில்லை.

மச்சானுக்குப் போன் செய்தேன். "சும்மா சொன்னேன்டா மச்சான், வா" என்றேன்.

"என்ன முணுமுணுக்கிறே? வாயைத் திறந்து பேசக்கூட மனசு வரலையா?" என்று வைத்துவிட்டான்.

மறு வாரம் என் மனைவி என்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். மனசு சரியில்லாதவர்களுக்கு மருந்து கொடுப்பார்களே, அப்படி ஏதாவது இருக்கும் என்று அவள் நினைப்பு. நரம்பு டாக்டர் ஒரு அம்மாள், அவசரப்படாத ஆள். என் மனைவி வைத்த புகாரை முழுதாகக் கேட்டார். பிறகு என்னை விரலைத் தட்டச் சொன்னார், கையைத் திறந்து மூடச் சொன்னார், கதவு வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொன்னார்.

"எங்கண்ணன் இவரைச் சேவல்னு கூப்பிடும்" என்று என் மனைவி இடையில் நுழைந்தாள்.

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "யாரு, உங்க அண்ணனா? அவரும் டாக்டரா?"

"இல்லைங்க, இரும்பு வெட்டறவரு."

"எங்க புத்தகத்துலயும் இந்த நடைக்குச் சேவல் நடைன்னுதான் போட்டிருக்கு" என்றார். அதன்பிறகுதான் நான் என்ன தொழில் செய்கிறேன், எந்த மாதிரி ராடு, கதவு திறந்திருக்குமா மூடியிருக்குமா என்றெல்லாம் கேட்டார். என்னைப் பின்பக்கமாக நடக்கச் சொல்லித் தானே எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். நல்லவேளை நின்றார். இரண்டாவது எட்டிலேயே அவர் கையில் விழுந்தேன்.

ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். அடுத்த தடவை போனபோது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூளையின் நடுவில், ஆழத்தில், இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிந்தது.

"வெல்டிங் புகையில இருக்கிற மாங்கனீஸ் இங்க போய்ப் படிஞ்சிருக்கு. நாம கேட்காமலே தானா நடக்கிற வேலையெல்லாம் இருக்கில்ல? நடக்கும்போது கை வீசறது, கண்ணு இமைக்கிறது, சிரிப்பு வந்தா முகம் மலர்றது. அதையெல்லாம் பார்த்துக்கிற இடம் இது. அந்த இடம் கெட்டுப்போயிருக்கு. உங்க மனசு கெடலை. மனசு சொல்றது முகத்துக்கு வந்து சேரலை."

"சரியாயிடுமா டாக்டர்?" என்றாள் என் மனைவி.

டாக்டர் பூசி மெழுகவில்லை. "புகையை இன்னியோட விடணும். விட்டா மேற்கொண்டு கெடறது குறையலாம், குறையாமலும் போகலாம். போனது திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது. மாத்திரை தர்றேன், பயிற்சி இருக்கு, செய்வோம்."

நான் ஒரு ஜோக்காவது சொல்லி என் மனைவியைத் தேற்றலாம் என்று, "பின்னாடி நடக்க வரலைன்னா என்ன டாக்டர், எனக்கு வேலையெல்லாம் முன்னாடிதானே இருக்கு?" என்றேன். டாக்டர் மிகவும் அக்கறையாக, விழாமல் எப்படித் திரும்புவது என்று விளக்கினார். என் மனைவி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "உம்மணாமூஞ்சி உம்மணாமூஞ்சின்னு எத்தனை நாள் கரிச்சுக் கொட்டினேன்" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, முகத்துக்கு வரவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ராடு செய்தவன் மேல், பல்லை அனுப்பினவன் மேல், தையல்காரர் மேல், இறக்கிவிட்ட அந்த ஷட்டர் மேல். கடைசியில் யார் மேல் காட்டினேன்? சாப்பாட்டுத் தட்டின் மேல். அதுவும் கை மெதுவாகப் போனதால் தட்டு உடையாமல் பத்திரமாகத் தரையில் இறங்கியது. கோபப்படவும் லாயக்கில்லாமல் போய்விட்டேனே என்றுதான் அன்றைக்கு ரொம்ப வேதனை.

அந்த வாரத்திலேயே வேறொரு சேதி வந்தது. ஆலைக்காரர்களிடம் மச்சான் வாக்குக் கொடுத்துவிட்டவன். இரும்புப் பற்களையெல்லாம் ஆலையிலிருந்தே தன் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகைக்கு ஏற்றிக்கொண்டு போய்த் தானே மெழுக ஆரம்பித்துவிட்டான். அதே ராடு. அக்கம்பக்கத்தார் வெளிச்சம் அடிக்கிறது என்று சொல்ல, கொட்டகைக் கதவையும் சாத்திக்கொண்டு செய்கிறானாம். அவன் பெண்டாட்டி போனில் என் மனைவியிடம் சாதாரணமாகச் சொன்னாள்: "உங்கண்ணனுக்கு இப்பல்லாம் எதைத் தின்னாலும் இரும்பு ருசி அடிக்குதாம்."

எனக்கும் அந்த ருசியில்தான் ஆரம்பித்தது.

என் மனைவி உடனே அண்ணனைக் கூப்பிட்டு டாக்டர் சொன்னது அத்தனையும் சொன்னாள். அவன் நம்பவில்லை. "புருஷனுக்கு வக்காலத்து வாங்கறியா? வியாதின்னு பயமுறுத்தினா நான் வேலையைப் போட்டுட்டுப் போயிடுவேன், அவன் திரும்ப எடுத்துக்கலாம்னு கணக்கா? விரட்டினவன் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அதுதானே என்னிடம் இல்லை.

போனேன். மனைவி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டே போனேன். கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்ததும் காவிப் புகை என் மேல் வந்து கவிந்தது. மச்சான் ஒரு பல்லின் முன்னால் குந்தியிருந்தான், ஷீல்டு நெற்றிக்கு மேல் தூக்கியிருந்தது. மூக்கைச் சுற்றிக் கறுப்பு.

"தலைமுழுகினவன் வீட்டுல உனக்கென்ன வேலை?" என்றான்.

"மச்சான், இந்தப் புகை வேண்டாம். டாக்டர் சொன்னது பொய் இல்லை. நான் அன்னிக்குச் சொன்னது ஜோக்கு" என்றேன். வெல்டிங் மிஷின் ரீங்காரத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன? சத்தமா பேசு."

மறுபடியும் சொன்னேன். அதே முனகல். அவன் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து என் முகத்தை உற்றுப் பார்த்தான். "பாரு, இப்பக்கூட ஒரு துளி வருத்தம் இருக்கா அதுல? இழவு வீட்டுல எதிராளி நிக்கிற மாதிரி நிக்கிறே. போடா, போ" என்றான். ஷீல்டை இறக்கி முகத்தை மூடிக்கொண்டான். புது ராடை ஹோல்டரில் மாட்டினான்.

நான் அங்கேயே நின்றேன். வேறென்ன செய்வது? காலில் விழலாம் என்றால் விழுந்தபின் எழுந்திருக்க முடியுமா என்று சந்தேகம். அவன் எனக்கு முகத்தைக் காட்டவில்லை, என் முகம் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இனி இவன் இந்தப் புகையைக் குடித்துக் குடித்து என்னைப்போல் ஆவான், அதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. ராடு இரும்புக்குக் கிட்டப் போயிற்று.

"கண்ணு!" என்று கத்தினான்.

அத்தனை கோபத்திலும் சத்தம் கொடுத்தான். என் கண்ணுக்காகத்தான், அங்கே வேறு யார் இருந்தார்கள்?

நான், "என்னங்க?" என்றேன்.

பெண் குரல் வரவில்லை. இழுவை வரவில்லை. ஆபீஸில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வதுபோல் சப்பென்று வந்தது. ஆனால் வந்த இடம் சரியாக இருந்தது. ராடு இரும்பைத் தொடவில்லை. ஷீல்டு அப்படியே கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு மெதுவாக மேலே போயிற்று.

"என்ன சொன்னே?"

"என்னங்கன்னேன்."

"சிரிக்காம சொல்றே?"

"சிரிச்சிட்டுத்தான் இருக்கேன் மச்சான். வெளியே வரலை."

அவன் மிஷினை அணைத்தான். ரீங்காரம் நின்றதும் என் குரல் அவனுக்குக் கேட்டது. எழுந்து வந்தான். வெட்டுவதற்கு முன் இரும்பை எப்படிப் பார்ப்பானோ அப்படி என் முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தான்: நெற்றி, கண், வாய் ஓரம். கையுறையைக் கழற்றிவிட்டு என் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தான்.

"டேய் மாப்ள. இதுக்குள்ளயா இருக்கே?"

"இதுக்குள்ளதான்டா இருக்கேன்."

மச்சான் உடைந்துவிட்டான். அவன் அழுதால் சத்தமாக அழுவான், ஒளிவு மறைவு கிடையாது. "சாயம் அடிச்சதைத்தான் கிண்டல் பண்ணினியா? அதுக்கா நான்... அடப்பாவி, நல்ல ஜோக்குடா அது" என்று அழுகைக்கு நடுவில் சிரித்தான். எனக்குள்ளும் இரண்டும் சேர்ந்து வந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே அழுது, அவனே சிரித்தான்.

"அந்த ராடைக் கீழே போடு மச்சான்" என்றேன். "என் முகம் போச்சு. உன்னுதாவது இருக்கட்டும். வீட்டுக்கு ஒண்ணு வேணும்ல?"

கொட்டகைக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தான். அது சுவரில் மோதித் திரும்பி வந்தது. மறுபடியும் உதைத்து, ஒரு பல்லைத் தள்ளி முட்டுக் கொடுத்தான். மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவனுக்கு ஒன்றும் பெரிதாக இல்லை, புகையைச் சீக்கிரமே விட்டுவிட்டார் என்றார்கள். "எனக்குச் சேவல்னு பேர் வைக்கத் தெரிஞ்சவருக்கு ஒண்ணும் வராதுங்க" என்றேன் நான். டாக்டர் இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்கவில்லை, வார்த்தையைக் கேட்டார். சிரித்துவிட்டார்.

இரும்புப் பற்கள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின. இப்போது பட்டறையில் ஷட்டர் முழுக்கத் திறந்திருக்கும். தையல்காரரோடு பேசி, வெளிச்சம் போகாமல் வாசலில் ஒரு தகரத் தட்டி வைத்தாயிற்று. புகையை இழுத்துக் கூரைக்கு மேல் தள்ளுகிற குழாயை மச்சானே வெட்டி மாட்டினான். வெல்டிங்குக்கு வேறு ஆள் போட்டிருக்கிறோம். மூக்கை மூடும் முகமூடி போடாமல் அவன் ராடைத் தொட்டால் நான் திட்டுவேன். நான் திட்டுவது கேட்காது, ஆனால் முறைப்பதுபோல் இருக்கும், பயந்து போட்டுக்கொள்வான். இந்த முகத்தால் அந்த ஒரு லாபம். நான் வாசலில் உட்கார்ந்து அளவு கேட்பேன். கேட்டைத் தூக்கும்போது ஒரு முனையைப் பிடிக்கிற அளவு தெம்பு இருக்கிறது. பின்பக்கமாக நடப்பது இப்போது மச்சான்.

இன்னொரு ஏற்பாடும் அவன் செய்ததுதான். "நீ ஜோக் சொல்றியா, நிஜமா கடிக்கிறியான்னு யாருக்குத் தெரியும்? இனிமே ஜோக் சொல்றதா இருந்தா முதல்ல 'கண்ணு'ன்னு ஒரு சத்தம் குடு. நாங்க சிரிக்கத் தயாராயிக்கிறோம்" என்றான். கேலியாகத்தான் சொன்னான், ஆனால் அது நிலைத்துவிட்டது. டீக்கடையில் நான் "கண்ணு" என்றால் பெஞ்சில் இருப்பவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். என் மகள் தன் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "அப்பா, கண்ணு சொல்லுங்கப்பா" என்கிறாள். ஜோக் சுமாராக இருந்தாலும் சிரித்துவிடுகிறார்கள். இப்படி ஒரு மரியாதை முகம் நன்றாக இருந்த காலத்தில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் வெளியே போயிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சட்டைகளில் பொத்தானையெல்லாம் எடுத்துவிட்டு, என் விரலுக்குச் சுலபமாக இருக்கும் என்று ஒட்டுகிற பட்டி வைத்துத் தைத்திருந்தாள். ஒன்றைக்கூட என்னிடம் சொல்லிக் காட்டவில்லை.

"கண்ணு" என்றேன்.

துணியைக் கீழே வைத்தாள். சிரிப்பதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "ம், சொல்லுங்க. என்ன ஜோக்கு?"

"ஜோக் இல்லை. உன்னைத்தான் கூப்பிட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "என்னங்க?" என்றாள்.